நேரமே விலையாகும்போது: கைவினைப் பொருள்களும் உழைப்புப் பரிமாற்றமும்

யமுனையின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள மயூர் விஹார், தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்குக் குடியிருப்புகளும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் கட்டிடங்களும் நிறைந்த பகுதியாகும். அரசு அலுவலர், ஆசிரியர், பத்திரிகையாளர், ஓய்வூதியம் பெறுவோர் எனப் பலதரப்பட்டவர்கள் இங்கு வாழ்கின்றனர். தமிழ், மலையாளக் குடும்பங்களும் கணிசமாக உள்ளன. இங்குள்ள உத்தர குருவாயூரப்பன் கோயில் தலைநகரின் தென்னாட்டு மக்கள் நன்கு அறிந்த ஒன்று. இதனை அடுத்து இருப்பவை திரிலோக்புரி, கல்யாண்புரி ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். 1970களின் நடுப்பகுதியில் நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் இங்கு குடியமர்த்தப்பட்டனர்.

ஒரு புறம் கல்வியும் ஓய்வு நேரமும் உண்டு. மறுபுறம் கையால் உழைத்து வாழ்வோர் மிகுதி. தையல், பின்னல், ஓவியம், மண் வேலை போன்ற திறமைகளை ஊரிலிருந்து கொண்டு வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். இவ்விரு பகுதிகளையும் இணைப்பது பெரும்பாலும் கூலி ஒன்றே. கூலி கொடுக்கப் பணமில்லாத இடத்தில் தொடர்பும் அற்றுப்போகிறது. கைவினைப் பொருளுக்கு விலையாகப் பணத்திற்குப் பதில் நேரத்தையும் திறமையையும் கொடுக்க இயலுமா? இயலுமெனில் அதனால் நன்மை அடைபவர் யார், இழப்பு ஏற்படுவது யாருக்கு? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைய வழக்கம்

பணமில்லாப் பரிமாற்றம் நமக்குப் புதிதன்று. உமணர் உப்பைக் கொடுத்து நெல் பெற்ற செய்தியைச் சங்க இலக்கியம் கூறுகிறது. அசாம் மாநிலத்தின் மோரிகாவ் மாவட்டத்தில் மாக பிஹுவை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறும் ஜோன்பீல் சந்தையில், மலைவாழ் மக்கள் கொண்டுவரும் இஞ்சி, மஞ்சள் முதலியவற்றுக்குச் சமவெளி மக்கள் அரிசிப் பலகாரங்களையும் உலர் மீனையும் மாற்றாகத் தருவது இன்றும் நடைமுறையில் உள்ளது.

கைவினைஞரின் நிலை இதனினும் வேறானது. தமிழகக் கிராமங்களில் குயவர், தச்சர், கொல்லர் ஆகியோர் ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே தானியப் பங்கு பெற்றனர். வட இந்தியாவில் இதனையொத்த ஏற்பாடு ‘ஜஜ்மானி முறை’ எனப்பட்டது. உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து வில்லியம் வைசர் 1936இல் வெளியிட்ட நூல் இம்முறையைச் சமூகவியலாரின் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

இம்முறையில் பாதுகாப்பு இருந்தது, சுதந்திரம் இல்லை. பஞ்சமில்லாத ஆண்டில் கைவினைஞர் குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பங்கின் அளவை நிர்ணயித்தவர் நிலமுடையவர். வேலையை மறுக்கும் உரிமையும் வேறு ஊருக்குப் பெயரும் உரிமையும் சாதிக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கியிருந்தன. எனவே, பணமில்லாப் பரிமாற்றம் என்றதும் அதனைப் பொற்காலம் என எண்ணிவிடலாகாது. இருவரும் சமநிலையில் நின்று பேரம் பேச முடிந்தால்தான் அது பரிமாற்றமாகும். இல்லையெனில் அது ஊழியமே.

நூலே நாணயமாகிய காலம்

நேரத்தை விலையாகக் கொள்ளும் முயற்சி நம் விடுதலை இயக்கத்திலேயே நடைபெற்றுள்ளது. காந்தியடிகள் தலைமை வகித்த 1924ஆம் ஆண்டின் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2,000 கஜம் கைந்நூல் அளிக்கும் முறையை ஏற்றது. பணம் படைத்தவரும் இல்லாதவரும் இராட்டையின் முன் ஒரே அளவு நேரம் அமர வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

ஆயினும் தாமே நூற்க விரும்பாதவர்கள் பிறர் நூற்றதைப் பெற்றுத் தரவும் அவ்விதி இடமளித்தது. அதனால் நூலைக் கடையில் வாங்கிச் செலுத்துவோரும் தோன்றினர். நேரம் மீண்டும் பணமாக மாறியது. 1925இல் நாலணாச் சந்தாவும் மாற்று வழியாக ஏற்கப்பட்டது. 1940களில் காந்தியடிகள் நூலையே நாணயமாகக் கொள்ளும் கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். கதர் வாங்குவோர் விலையின் ஒரு பகுதியை நூலாகத் தர வேண்டும் என்ற முயற்சியும் அதனைத் தொடர்ந்தது. நேரத்தை விலையாகக் கொள்ளும் திட்டம் எதிலும், அந்த நேரம் கொடுப்பவருடைய சொந்த நேரமாகவே இருத்தல் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடமாகும்.

மதுபனி தரும் பாடம்

இன்று தில்லிக் கடைகளில் எங்கும் காணப்படும் மதுபனி ஓவியம், ஒரு காலத்தில் விலைக்கு விற்கப்படாத கலையாக இருந்தது. பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் திருமண வீட்டுச் சுவர்களில் அதனைத் தீட்டினர். உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி வரைந்தனர். இன்று இந்த வீட்டில் செய்த உதவி நாளை அந்த வீட்டில் திரும்பக் கிடைத்தது. கணக்கேடு இல்லை, ஆயினும் கணக்கு எவர் மனத்திலும் மறக்கவில்லை.

1966–67இல் பீகாரைக் கடும் வறட்சி தாக்கியது. அகில இந்தியக் கைவினை வாரியத்தின் புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அங்கு அனுப்பினார். பெண்கள் காகிதத்தில் வரைந்து விற்க ஊக்குவிக்கப்பட்டனர். வறட்சியில் அவர்களுக்குத் தேவைப்பட்டது அண்டை வீட்டாரின் நேரமன்று. அரிசி வாங்கப் பணம். ஜகதம்பா தேவி 1975இலும், சீதா தேவி 1981இலும், கங்கா தேவி 1984இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பணம் அக்கலையை அழிக்கவில்லை. அதனை வரைந்த பெண்களுக்குப் பெயரையும் வருவாயையும் அளித்தது. நேரப் பரிமாற்றத்தை ஆதரிப்போர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். அது பணத்திற்கு எதிரியாக அமையக் கூடாது; பணம் எட்டாத இடத்தில் பயன்படும் துணையாக அமைய வேண்டும்.

உலக நாடுகளின் அனுபவம்

மணிக்கணக்கை விலையாகக் கொண்ட கடையை 1827இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜோசையா வாரன் தொடங்கினார். பொருளின் அடக்க விலையைப் பணமாகப் பெற்றுக்கொண்டு, கடைக்காரர் செலவிட்ட நேரத்திற்கு மட்டும் அதே அளவு உழைப்பைத் தருவதாக வாடிக்கையாளர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நேரத்தை அளக்கக் கடையில் கடிகாரம் இருந்தது. 1830இல் அவரே அதனை மூடினார். காரணம் நட்டமன்று, முறை செயற்படும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என அவர் கருதியதே.

1832இல் லண்டனில் ராபர்ட் ஓவன் நிறுவிய உழைப்புப் பரிமாற்ற நிலையம் இதனினும் பெரியது. தையற்காரரும் செருப்புத் தைப்போரும் தச்சரும் தாம் செய்த பொருளைக் கொண்டுவந்து, மூலப்பொருளின் மதிப்பும் உழைத்த மணிகளும் கணக்கிடப்பட்டு, உழைப்புச் சீட்டுப் பெற்றனர். அச்சீட்டைக் கொண்டு பிறர் செய்த பொருளை எடுத்துச் சென்றனர். மக்களுக்கு வேண்டிய பொருள்கள் விரைவில் தீர்ந்தன, வேண்டாதவை தேங்கின. 1834இல் நிலையம் மூடப்பட்டது. ஒரு பொருளில் அடங்கிய நேரம் வேறு, அப்பொருளின் தேவை வேறு என்பது இதனால் புலனாயிற்று.

பிற்காலத்தில் பொருளினின்று சேவைக்குக் கவனம் திரும்பியது. ஜப்பானில் டெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973இல் ஒசாகாவில் உழைப்பு வங்கியைத் தொடங்கினார். இல்லத்தரசிகள் ஒருவருக்கொருவர் உதவிய மணிகள் அதில் வரவு வைக்கப்பட்டன. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எட்கர் கான் 1980இல் ‘நேர டாலர்’ என்ற கருத்தை உருவாக்கினார். எவருடைய ஒரு மணி நேரமும் சம மதிப்புடையது என்பது அவரது அடிப்படை விதி. கனடாவின் வான்கூவர் தீவில் மைக்கேல் லிண்டன் 1983இல் தொடங்கிய உள்ளூர்ப் பரிமாற்ற முறையில் உறுப்பினர் தாமே விலை பேசிக்கொண்டனர். கணக்கேட்டில் மட்டும் வரவு, பற்று எழுதப்பட்டது. நம் நாட்டில் மத்தியப் பிரதேச அரசு 2019இல் நேர வங்கிக்கான முயற்சியை அறிவித்தது.

கலைஞர்கள் தம் நேரத்தைப் பகிர்ந்து வாழ்ந்ததற்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்கு அருகே அமைந்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் நாளின் ஒரு பகுதியைப் பாத்திக் முதலிய கைவினை வேலைக்கு ஒதுக்கினர். அவ்வருவாய் கிராமத்தை நிலைநிறுத்தியது. எஞ்சிய நேரம் அவரவர் கலைக்கு உரியதாயிற்று.

ஒரு பொம்மையின் கணக்கு

இக்கருத்தை மயூர் விஹாருக்குப் பொருத்திப் பார்க்கலாம். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நவராத்திரிக்குக் கொலு வைக்கப்படுகிறது. பண்ருட்டியிலிருந்தோ மதுரை விளாச்சேரியிலிருந்தோ என்றோ வாங்கி வந்த பொம்மைகள் நிறம் மங்கி, மூக்கு உடைந்து பெட்டிக்குள் கிடக்கின்றன. தில்லியில் உத்தம் நகர் போன்ற இடங்களில் மண் வேலை செய்யும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

ஒரு கைவினைஞர் மண் பொம்மை ஒன்றைச் செய்து வண்ணம் தீட்ட 6 மணி நேரம் உழைக்கிறார் என்றும், மண், சூளை, வண்ணம் ஆகியவற்றுக்கு ரூ. 180 செலவாகிறது என்றும் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். வண்ணக் கடைக்காரர் மணிக்கணக்கை ஏற்கமாட்டார். ஆகவே இந்த ரூ. 180 பணமாகவே தரப்பட வேண்டும். எஞ்சிய 6 மணி நேரத்திற்கு ஈடாக, பொம்மை பெறும் ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர் கைவினைஞரின் மகளுக்கு 6 மணி நேரம் கணிதம் கற்பிக்கலாம்.

இதனால் இருவருக்கும் என்ன பயன்? பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டது. குயவர், சிற்பி, பொம்மை செய்வோர் உள்ளிட்ட 18 தொழில்கள் இதில் அடங்கும். இதில் பயிற்சி பெறும் கைவினைஞருக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 500 உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஒரு நாளை 8 மணி நேரமாகக் கொண்டால் மணிக்கு ரூ. 62.50 ஆகிறது. இந்த அளவுகோலின்படி பொம்மைக்கான உழைப்பின் மதிப்பு ரூ. 375. தனிப்பயிற்சிக்கு மணிக்கு ரூ. 300 கட்டணம் எனக் கொண்டால், மகள் பெறும் கல்வியின் மதிப்பு ரூ. 1,800. பணத்தால் வாங்க முடியாத ஒன்றைக் கைவினைஞர் உழைப்பால் வாங்குகிறார். ஓய்வுபெற்றவரோ, சந்தையில் விற்க எண்ணாத தம் மாலை நேரத்தைக் கொடுத்துத் தம் வீட்டிற்கு ஒரு பொம்மையைப் பெறுகிறார்.

ஆயினும் இக்கணக்கில் மறைந்துள்ள வேறுபாடு ஒன்று உண்டு. ஓய்வூதியரின் மாலை நேரம் விலைக்குப் போகாத நேரம்; கைவினைஞரின் பகல் நேரம் அன்றாட உணவுக்கான நேரம். நவராத்திரியும் தீபாவளியும் நெருங்கும் வாரங்களில் அவர் இழக்கும் 6 மணி நேரம் உண்மையான வருவாய் இழப்பாகும். எனவே பரிமாற்ற வேலை அவருக்கு வேலை குறைந்த பருவத்தில் அமைய வேண்டும். சான்றாக, பழைய பொம்மைகளைப் பழுதுபார்க்கும் வேலையைத் தை, மாசி மாதங்களில் கொடுக்கலாம். பள்ளித் தேர்வுக்கு முந்திய அம்மாதங்களில்தான் பயிற்சியும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கைவினைஞருக்குத் தேவையானவை கல்வி மட்டுமல்ல. வங்கி விண்ணப்பம் எழுதுதல், கணக்கேடு பராமரித்தல், இணைய விற்பனைக்குப் பொருள்களைப் படம் எடுத்தல், சட்ட ஆலோசனை ஆகியவையும் தேவை. இத்தகைய திறமை உடையோர் மயூர் விஹாரில் ஏராளம். விஸ்வகர்மா திட்டத்தின் கடனுதவி முதற்கட்டமாக ரூ. 1 லட்சம், அடுத்து ரூ. 2 லட்சம் என அமைந்துள்ளது. அதற்கான படிவத்தை நிரப்ப உதவும் ஒரு மணி நேரம், அளவில் சிறிதாயினும் பயனில் பெரியது.

எல்லோருக்கும் ஒரே மணியா?

ஒருவரின் ஒரு மணி நேரமும் மற்றவரின் ஒரு மணி நேரமும் சமமாகுமா என்பது கடினமான வினா. பட்டயக் கணக்கர் தம் மணிக்கு அதிக விலை கேட்கக்கூடும். அவர் முன்வைக்கும் காரணம், பல ஆண்டுப் படிப்பு. அதே காரணம் கைவினைஞருக்கும் பொருந்தும். சுவாமிமலை ஸ்தபதியின் கை, இளமையில் ஆசானின் பட்டறையில் செலவிட்ட ஆண்டுகளால் பழகியது. படிப்புச் செலவைக் கணக்கிடுவோர் அந்த ஆண்டுகளையும் கணக்கிடுவதே நியாயம்.

சம மணி முறையில் கணக்கு எளிது, எவரும் தாழ்த்தப்படுவதில்லை. ஆனால் மிகு திறமை உடையவர்கள் விலகிவிடும் அபாயம் உண்டு. பேரம் பேசும் முறையில் அவர்கள் நீடிப்பர். ஆனால் பேரம் பேசத் தெரியாத பெண்களும் புதியவர்களும் இழப்புக்கு உள்ளாவர். மயூர் விஹார் போன்ற இடத்தில், ஏற்றத்தாழ்வு ஏற்கெனவே மிகுந்திருப்பதால், சம மணியில் தொடங்குவதே பாதுகாப்பானது. விலை உயர்ந்த கலைப் படைப்புகளை இம்முறைக்கு வெளியே, பணத்திற்கே விற்பனை செய்ய விட்டுவிடலாம்.

சட்டம் கூறுவது

நம் சட்டங்கள் பணமில்லாப் பரிமாற்றத்தை அங்கீகரிக்கின்றன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தத்திற்கான மறுபயன் பணமாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரு செயலைச் செய்வதும் மறுபயனாகும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமோ விலை என்பதைப் பணமாகவே வரையறுக்கிறது. எனவே முழுவதும் நேரத்திற்கு ஈடாகப் பெறப்பட்ட பொம்மை, அச்சட்டத்தின் பொருளில் விற்பனை ஆகாது. பொருளில் குறை இருப்பின் வாங்குவோருக்கு அச்சட்டம் அளிக்கும் பாதுகாப்பைத் தாமாகவே எதிர்பார்க்க இயலாது. நிபந்தனைகளை எழுத்தில் வகுத்துக்கொள்வது இதனால் இன்றியமையாததாகிறது.

2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், வணிக நோக்கில் நடைபெறும் பண்டமாற்றையும் பரிமாற்றத்தையும் வழங்கல் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. மறுபயன் முழுவதும் பணமாக இல்லாதபோது திறந்த சந்தை மதிப்பே முதற்கண் கணக்கிடப்படும். சிறு கைவினைஞரின் விற்றுமுதல் பதிவு வரம்பிற்குள் வராது என்பதால் பெரும்பாலோர்க்கு இதனால் சுமை இல்லை. ஆனால் பெரிய கடைக்காரர் பரிமாற்றம் என்ற பெயரில் வரியைத் தவிர்க்க இயலாது.

இவையனைத்திலும் முதன்மையானது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான தில்லிக் கட்டுமானத் தொழிலாளர் குறித்து 1982இல் அளித்த தீர்ப்பில், குறைந்தபட்ச ஊதியத்திற்கும் குறைவாகப் பெற்று உழைப்பது கட்டாய உழைப்பாகும் என உச்ச நீதிமன்றம் கூறியது. கடனுக்கு ஈடாக உழைப்பை வாங்குவதைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் தடை செய்தது. நேரக் கணக்கில் ஒருவர் பெருங்கடனாளி ஆகி, அதனைத் தீர்க்க ஓயாது உழைக்கும் நிலை உருவானால், நல்ல நோக்கத்துடன் தொடங்கியது பழைய ஊழியமாகவே முடியும்.

நடைமுறைக்கு ஏற்ற விதிகள்

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து சில விதிகளை வகுக்கலாம். மூலப்பொருட் செலவு முன்பணமாகத் தரப்பட வேண்டும். கைவினைஞர் தம் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரிமாற்றத்திற்கு ஒதுக்கலாகாது. எவர் கணக்கிலும் பற்று 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; அக்கடனை உழைத்துத் தீர்க்க முடியாதவர் மீது எவ்வித வற்புறுத்தலும் கூடாது. வேண்டாத பொருள் தேங்காதிருக்க, முன்கூட்டியே கேட்கப்பட்ட பொருளை மட்டுமே செய்ய வேண்டும். வாக்களித்த நேரத்தை உறுப்பினர் தாமே தர வேண்டும். வீட்டு வேலையாளை அனுப்பி ஈடு செய்யக் கூடாது. கணக்கேடு இந்தியிலும் எழுதப்பட்டு, மாதம் ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும். கணக்கைப் பார்க்கும் குழுவில் பாதிப்பேராவது கைவினைஞராக இருத்தல் நன்று.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஓர் அறையும், ஒரு பேரேடும், வாரம் இரு மாலை நேரங்களும் போதும். 20 குடும்பங்களுடன் தொடங்கி ஓராண்டுக்குப் பின் மதிப்பிடலாம். அம்மதிப்பீட்டில் எத்தனை மணி நேரம் பரிமாறப்பட்டது என்பதைக் காட்டிலும், கைவினைஞரின் பண வருவாய் குறைந்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும். குறைந்திருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும். தேவையெனில் நிறுத்தவும் தயங்கலாகாது.

2019–20இல் நடைபெற்ற நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 35.22 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டிருந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இத்தகைய பெருந்தொகையினரின் வாழ்வை நேரப் பரிமாற்றத்தால் நிலைநிறுத்த இயலாது. நியாயமான விலை, கடன், சந்தை ஆகியவையே அவர்களுக்கு அடிப்படைத் தேவை. ஆனால் ஒரு சாலையின் இரு பக்கத்திலும் வாழ்ந்து, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியாத மக்களை ஒரு பேரேட்டில் சேர்த்து எழுத அதனால் இயலும். பொம்மை செய்தவரின் மகள் கணிதத்தில் தேர்ச்சி பெற்றாள் என்பதைப் பொம்மை வாங்கியவர் அறிந்திருப்பார். கடையில் கொடுக்கும் பணம் அத்தகைய அறிமுகத்தைத் தருவதில்லை. அந்த அறிமுகம் கருணையாகத் தேய்ந்துவிடாமல், சமமானவர்களின் கொடுக்கல் வாங்கலாக நிலைபெறுமாறு காப்பதே இம்முயற்சியை மேற்கொள்வோரின் பொறுப்பாகும்.